அடிக்குறிப்பைச் சரிபார்க்கும் கைகள்

இயற்பியலிலும் மருத்துவத்திலும் ஒரு கட்டுரையின் தகுதியைத் துறையறிஞர்கள் முடிவு செய்கிறார்கள். சட்டத்துறையிலோ, புகழ்பெற்ற இதழ்கள் பலவற்றில் அந்த முடிவை எடுப்பவர்கள் இன்னும் பட்டம் பெறாத மாணவர்கள். பிற துறை நண்பர்கள் இதை எளிதில் நம்புவதில்லை.

1887இல் மாணவர்கள் தொடங்கிய 'ஹார்வர்டு லா ரெவ்யூ' இம்மரபை நிலைநிறுத்தியது. 1890 டிசம்பரில் சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் என்னும் இரு பாஸ்டன் வழக்கறிஞர்கள் அந்தரங்க உரிமை பற்றி அதில் எழுதினர். ஏறத்தாழ 127 ஆண்டுகள் கழித்து, 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது அக்கட்டுரையும் பேசப்பட்டது. அவ்வழக்கைத் தொடுத்த நீதிபதி கே.எஸ். புட்டசாமி எங்கள் மைசூரின் மகாராஜா கல்லூரியில் பயின்றவர்.

இந்தியாவிலும் இம்மரபு வேரூன்றியிருக்கிறது. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியின் இதழ் 'ஸ்டூடன்ட் அட்வகேட்' என்ற பெயரில் தொடங்கி, இன்று 'நேஷனல் லா ஸ்கூல் ஆஃப் இந்தியா ரெவ்யூ'வாக வருகிறது. கொல்கத்தாவின் 'என்.யு.ஜே.எஸ். லா ரெவ்யூ' 2008இல் தொடங்கியது.

நான் வசிப்பது மைசூரு அக்ரஹாரத்தில். மானியமாக அளிக்கப்பட்ட குடியிருப்பு என்பதே அப்பெயரின் பொருள். மைசூர் இனாம் ஒழிப்புச் சட்டங்களின் பின்விளைவுகளே என் ஆய்வு. அதில் ஒரு பகுதியை மாணவர் இதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். மூன்றாமாண்டு மாணவி ஒருவர் அதன் அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நான் மேற்கோள் காட்டிய கன்னட வருவாய் ஆவணத்தின் படியைக் கேட்டு வாங்கினார். நான் 'குத்தகை' என்று பெயர்த்த சொல் அங்கே வாரத்தையும் குறிக்குமா என்று வினவினார். என் வாதத்தின் பாதி அந்தச் சொல்லின் மேல் நின்றது. அவ்வினாவுக்கு விடையாக எழுதிய இரண்டு பத்திகளே இன்று அக்கட்டுரையின் வலுவான பகுதி. மூத்த மதிப்பீட்டாளர் எவரும் என் மூல ஆவணத்தைக் கேட்டதில்லை. அவர்களுக்கு அதற்கான நேரமும் இல்லை.

மாணவர் இதழ்களின் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஒரு வாதம் புதியதா பழையதா என்று அறியத் துறையில் நெடுநாள் பழக்கம் வேண்டும். அது இல்லாதபோது எழுதியவரின் பெயரும் பல்கலைக்கழகமும் தேர்வைச் சாய்த்துவிடும். கீழமை நீதிமன்றத்தின் அன்றாடத்தைவிட அரசமைப்புச் சட்டத்தின் பெருந்தலைப்புகளே இளம் ஆசிரியர் குழுவை ஈர்க்கும். ஆங்கிலம் அல்லாத மொழியில் எழுதும் சட்ட ஆய்வாளருக்கு இவ்விதழ்களில் இடமே அரிது.

ஆனால் தேர்வு வேறு, சரிபார்ப்பு வேறு. முன்னதற்கு அனுபவம் தேவை. பின்னதற்குப் பொறுமையும் ஐயமும் போதும். மாணவர்கள் சரிபார்க்க, வெளியறிஞர் மதிப்பிட, இரண்டையும் இணைத்து நடக்கும் இதழ்கள் நம்மிடையே ஏற்கெனவே உள்ளன.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2019இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் 'கேர்' பட்டியல் 2025இல் கைவிடப்பட்டது. இதழ்களை எடைபோடும் பொறுப்பு அந்தந்த நிறுவனத்திடமே வந்திருக்கிறது. 'மாணவர் நடத்துவது' என்ற ஒரே காரணத்தால் ஓர் இதழை ஒதுக்குவது எளிது. அதற்கு முன் குழு உறுப்பினர்கள் ஒன்றைக் கேட்கட்டும்: இவ்விதழில் மூலத்தைத் திறந்து பார்த்தவர் எவரேனும் உண்டா? பணம் பெற்றுக்கொண்டு பதிப்பிக்கும் இதழ்கள் பல, பேராசிரியர் பெயர்களை முகப்பில் நிரப்பிக்கொண்டும், அக்கேள்விக்கு விடை சொல்ல இயலாதவை.