ஜிர்காட்டாங் சாவடியில் ஒரு வைகறை

"மோட்டார்ப் பந்தயம் பார்க்கவா வந்திருக்கிறோம், அத்தை?" என்று வினவினான் எங்களுடன் வந்த சிறுவன். ரங்கத்தில் வாழும் உறவினரைக் காண, பொழுது புலருமுன்னரே போர்ட் பிளேயரிலிருந்து பேருந்தில் புறப்பட்டிருந்தோம். அந்நகருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. எனினும் நம் வாயில் பழைய பெயரே நிலைத்திருக்கிறது. ஜிர்காட்டாங் சாவடியில் இறங்கி நின்றபோது, பேருந்துகளும் சுமை வண்டிகளும் வாடகைக் கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக நெடுந்தொலைவு அணிவகுத்து நின்றன. சிறுவன் அவ்வாறு கேட்டதில் வியப்பில்லை.

தாயகத்தில் சோழவரம் பந்தயத்தைக் கண்ட பெரியவர்கள் நம்மிடையே உளர். போர்க்கால விமானத் திடலில், சொந்த வண்டியைத் தம் கையாலேயே செப்பனிட்டுக் கொணர்ந்த ஆர்வலர்கள் பலர் ஓட்டிய பந்தயம் அது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் அமைந்தது. பந்தயம் ஒருவகை, 'ராலி' என்பது வேறுவகை. பொழுதுபோக்காக ஓட்டுவோர் கலந்துகொள்ளும் ராலிகள் பலவற்றில் வேகம் பெரிதன்று. குறித்த நேரத்தில் குறித்த சாவடியைச் சேர வேண்டும். முந்தி வந்தவருக்கும் தண்டம் உண்டு.

ஜிர்காட்டாங் அணிவகுப்பும் ஏறக்குறைய அத்தகையதே. ஆனால் இது விளையாட்டன்று. முன்னும் பின்னும் காவலர் வண்டி செல்லும். மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் விரைதல் கூடாது, முந்துதல் கூடாது, வழியில் நிறுத்துதல் கூடாது, படம் எடுத்தலும், உணவோ உடையோ கொடுத்தலும் கூடா. காரணம், அங்கிருந்து நடு நீரிணை வரை சாலை ஜாரவா மக்களின் காட்டினூடே செல்கிறது. சில நூறு பேரே உள்ள தொல்குடியினர் அவர்கள். 1997-க்குப் பின்னரே வில்லம்பின்றி வெளியே வரத் தொடங்கினர். 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்குச் சிறு நோயாகத் தோன்றுவது, அதனை அறியாத உடலுக்குப் பெருங்கேடாகும். இச்சாலையை அவர்தம் காட்டுப்பகுதியில் மூடுமாறு 2002-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மூடப்படவில்லை.

ஆறு மணிக்கு வண்டிகள் நகர்ந்தன. இருபுறமும் வானளாவிய மரங்கள், கண்ணாடியில் பனித்துளி. ஒரு வளைவில் சாலையோரம் மூவர் நின்றனர்; அவருள் ஒருவன் நம் சிறுவனின் வயதினன். பேருந்தில் இருந்தவர் அனைவரும் ஒருபுறமாகச் சாய்ந்தனர். நாமும் சாய்ந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. நம் சிறுவன் கையிலிருந்த பிஸ்கட்டுப் பொட்டலத்தைச் சன்னலுக்கு உயர்த்தினான். அத்தை அவன் கையைப் பற்றிக்கொண்டார்.

"பாவம், பசிக்காதா அத்தை?"

"காடும் கடலும் அவர்களுக்குச் சோறு போடுகின்றன, கண்ணு. வழியில் போகிறவர் கையை எதிர்பார்த்து நிற்கும்படி நாம் பழக்கலாமா? நம் வீட்டு வாசலில் தினமும் வண்டிகள் நின்று, உன்னை வேடிக்கை பார்த்தால் உனக்கு எப்படி இருக்கும்?"

சிறுவன் விடை கூறவில்லை. பொட்டலம் பைக்குள் சென்றது.

நடு நீரிணையில் பேருந்து மிதவையேறியது. அப்பால் பாரதாங். சதுப்பு மரங்களைப் பார்த்தவாறு நின்றபோது நெஞ்சில் ஒரு சங்கடம் எழுந்தது. இச்சாலை ரங்கத்து நோயாளிக்கு மருத்துவமனை வழி. மாயாபந்தர் மாணவனுக்குக் கல்லூரி வழி. நமக்கோ உறவு வழி. அதனை வேண்டாம் என்று எளிதில் சொல்ல நம்மால் இயலாது. ஆயினும் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த நாம், இங்கு முன்னரே வாழ்ந்தவர்க்கு இடையூறாதல் தகுமா? 2010-இல் இத்தீவுகளின் 'போ' மொழி, அதனைப் பேசிய கடைசி மூதாட்டியோடு மறைந்தது. மொழியைப் போற்றும் நமக்கு அவ்விழப்பின் அளவு விளங்கும்.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். விடுமுறைக்கு ஊரிலிருந்து வரும் உறவினர், "ஜாரவாக்களைக் காட்டுங்கள்" என்று கேட்பர். அவரைக் கடற்கரைக்கும் சிறைக்கூடத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். சாலை வழியே செல்ல நேர்ந்தால், படக்கருவி பைக்குள் இருக்கட்டும்.

திரும்பும் வழியில், அதே வளைவு வந்தபோது சிறுவன் சன்னல் திரையைத் தானே இழுத்துவிட்டான்.