யாரும் வெட்டாத நண்பன்

ஷேடோவை இறக்கி, சேச்சுரேஷனைக் குறைத்து, மஞ்சளைக் கொஞ்சம் கூட்டினால் போதும். வட சென்னையில் எந்தத் தெருவும் கொலை நடந்த இடம்போல ஆகிவிடும். கல்லூரி இறுதியாண்டில் விஸ்காம் புராஜெக்டுக்காக நாங்கள் எடுத்த ஒரு கானாப் பாட்டில்தான் இதைக் கண்ணால் பார்த்தேன். நான் அதற்கு எடிட்டர்.

2017 மே மாதம். காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம். 45 நாளாக இருந்த தடை 61 நாளாக நீண்ட ஆண்டு அது. விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. கரையில் வலை சீர்செய்வது, இன்ஜின் பிரிப்பது, பெயிண்ட் அடிப்பது என்று வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கள் டைரக்டருக்கு அந்தப் படகுகள் பிடித்துப்போயின. பாடியவன் புளியந்தோப்புப் பையன். அவன் தெருவில் படகு ஏது? "எல்லாம் நார்த் மெட்ராஸ்தானே" என்று முடித்துவிட்டார்கள். புளியந்தோப்பும் காசிமேடும் தொழிலில் வேறு, வழிபாட்டில் வேறு, சாவு வீட்டு முறையில்கூட வேறு. கேமராவுக்கு ஒரே லொகேஷன்.

நான் காசிமேட்டுக்காரி. அதை வகுப்பில் சொல்லிக்கொண்டதில்லை. வீடு எங்கே என்று கேட்டால் "பீச் ஸ்டேஷன் பக்கம்" என்பேன். காசிமேடு என்றதும் கேட்பவர் முகத்தில் வரும் சிரிப்பு என்னைச் சுருக்கிவிடும். இந்தப் பாட்டுக்கு இடம் தேடியபோதுதான் சொன்னேன். உடனே கேட்டார்கள்: "அப்போ உனக்கு ரவுடிங்களைத் தெரியுமா?"

எனக்குத் தெரிந்தது என் அத்தையை. ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் அந்த மாதத்திலும் கொஞ்சம் நண்டும் காரப்பொடியும் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். படம் எடுக்கப்போகிறோம் என்றதும், "இருங்கப்பா, வந்துட்றேன்" என்று உள்ளே போனார். முகம் கழுவி, பவுடர் போட்டு, கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் புடவை கட்டி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்து நின்றார். டைரக்டர் சங்கடத்தோடு, "ஆன்ட்டி, முன்னாடி இருந்த மாதிரியே இருங்க. அதுதான் நேச்சுரல்" என்றான். அத்தை கோபப்படவில்லை. "மீன் விக்கிறத எடுக்குறதுன்னா கூடைகிட்ட வந்து எடு. என்னைய எடுக்குறேன்னா நான் இப்படித்தான் நிப்பேன்" என்றார். அந்த ஷாட் எடுக்கப்படவே இல்லை. பிரேமுக்குள் இருக்கிற ஆள் தன்னை எப்படிக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எந்த வகுப்பிலும் அதைச் சொல்லித் தந்திருக்கவில்லை.

அதற்குப் பதில் எடுத்தது என்ன? சட்டையில்லாமல் ஓடுகிறவர்கள், சுவரில் தேய்க்கப்படும் பட்டாக்கத்தி, கடைசியில் படகுகளுக்கு நடுவே வெட்டுப்பட்டு விழும் நண்பன். எடிட்டில் பாட்டின் அடிக்குச் சரியாகக் கத்தியை வைத்தேன். கனகச்சிதமாகப் பொருந்தியது. பாடிய பையனை அழைத்து ரஃப் கட் காட்டினோம். முடியும்வரை பேசாமல் இருந்தவன் கேட்டான்: "அக்கா, அவன யாரும் வெட்டலியே. மஞ்சக்காமாலைலதானே போனான். பாட்டுலயே வருதே?"

வந்தது. நண்பனின் கண் மஞ்சளானது, அவன் அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தது, தெருக்குழாய்த் தண்ணீரின் நாற்றம் எல்லாமே வரிகளில் இருந்தன. சாவு வீட்டில் இரவெல்லாம் உட்கார்ந்து, இறந்தவனைப் பற்றி அவன் தெருவுக்கே சொல்லும் மரண கானா அது. தேவாவின் இசை வழியாகத் திரைக்கு வந்த கானாவைக் கொண்டாட்டமாகவே கேட்டுப் பழகியிருந்தோம். தாளம் வந்ததும் ஆட்டமும் அடிதடியும்தான் மனதில் ஓடின. ஒப்பாரியாக அதைக் கேட்கவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முத்திரை குத்துவது என்றால் அவமானப்படுத்துவது என்று மட்டுமே அதுவரை நினைத்திருந்தேன். அது குற்றவாளியையும் மாற்றிவிடுகிறது. கத்தியால் செத்தான் என்றால் கொன்றவன் பக்கத்துத் தெருவில் இருக்கிறான். அந்த மக்களே அப்படித்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். குடிநீரில் சாக்கடை கலந்து செத்தான் என்றால், குழாயை யார் மாற்றவில்லை, எத்தனை முறை மனு கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கும். நாங்கள் வைத்த கத்தி அந்தக் கேள்விகளை மறைத்துவிட்டது. வன்முறையே அங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பையன் பாடிய சாவு அது இல்லை.

டீமில் பெரிய வாக்குவாதம். "தண்ணிக் குழாயைக் காட்டினா டாக்குமென்டரி மாதிரி ஆயிடும்" என்றார்கள். டைரக்டர்தான் கடைசியில் இறங்கிவந்தான். பாடியவனின் தெருவிலேயே மறுபடி எடுத்தோம். விடியற்காலைக் குழாயடி, நீலமும் ஆரஞ்சுமாக வரிசையில் பிளாஸ்டிக் குடங்கள், முதலில் வரும் கலங்கல் தண்ணீரைப் பிடித்துக் கீழே கொட்டும் ஒரு பாட்டி. நிறத்தில் நான் கை வைக்கவில்லை. திரையிட்ட அன்று மதிப்பெண் போட வந்த ஒருவர், "வட சென்னை ஃபீலே வரலையே" என்றார். மதிப்பெண் குறைந்தது. அது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

அடுத்த ஆண்டு, 2018 ஜனவரியில், 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு சென்னையில் மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானாக் கலைஞர்கள் கோட் சூட் போட்டு நின்று பாடினார்கள். அம்பேத்கர் சிலைகளின் நீலக் கோட்டைப் பார்த்து வளர்ந்த ஊரில் அந்த உடைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எனக்கு மட்டும் அத்தையின் பச்சைப் புடவையும் புரிந்தது.

இப்போது எடிட்டிங்தான் என் தொழில். வட சென்னைப் பாட்டு என்று ஏதாவது வந்தால், ஃபுட்டேஜைத் திறப்பதற்கு முன் பாடியவரிடம் வரிகளைக் கேட்டு வாங்குகிறேன். யாரைப் பற்றிய பாட்டு, அவர்கள் வீட்டில் இதைப் பார்ப்பார்களா என்று கேட்கிறேன். சில இயக்குநர்களுக்கு இது பிடிப்பதில்லை. வேறு எடிட்டரிடம் போய்விடுகிறார்கள்.