ஐரோப்பா போக ஒரு கோப்பு

பொங்கல் முடிந்த மறுநாள் அலமாரியிலிருந்து ஒரு பச்சை அட்டைக் கோப்பை எடுத்துத் தூசி தட்டினேன். மேலே என் கையெழுத்தில் 'ஐரோப்பா - 2019' என்று இருந்தது. 2019-ஐ அடித்துவிட்டு 2020 என்று எழுதியிருந்தேன். அதையும் அடித்து இப்போது 2025 என்று எழுதினேன். முப்பத்தெட்டு ஆண்டு அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் முதலில் அதற்கு ஒரு கோப்பு வேண்டும்.

வரும் ஜூன் மாதம் நானும் என் மனைவியும் ஐரோப்பா போவதாக இருக்கிறோம். எனக்கு 76 வயது, அவளுக்கு 70. இருவருமே இதுவரை கடல் தாண்டியதில்லை. "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்கிறவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லும் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது காரைக்காலில், 1948-ல். அப்போது அது பிரெஞ்சுக்காரர்களின் ஊர். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தபோது எனக்கு ஆறு வயது. கொடி மாறியது, என் பள்ளிக்கூடத்துப் பாடமொழி மாறவில்லை. பிரெவே பரீட்சை வரை எல்லாம் பிரெஞ்சில்தான். அரசலாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு சேன், லுவார், கரோன், ரோன் என்று பார்க்காத ஆறுகளின் பெயர்களை ஒப்பித்தோம். மோன் பிளான் மலையின் உயரம் 4,807 மீட்டர் என்பதைச் சொல்லத் தவறிய பையனுக்கு முட்டியில் பிரம்படி விழும். அரசலாறு எங்கே பிரிந்து எங்கே கடலில் சேருகிறது என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை.

அப்படிப் படித்த பிரெஞ்சு எனக்குச் சோறு போட்டது. 1970-ல் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் பழைய பிறப்புப் பதிவேடுகள், பத்திரங்கள் எல்லாம் பிரெஞ்சில் இருந்தன. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு மனுப் போடுகிறவர்கள் தாத்தாவின் பிறப்புப் பதிவைத் தேடிக்கொண்டு வருவார்கள். நான் ஏட்டைப் புரட்டி, நகல் எழுதிக் கொடுப்பேன். அந்தக் காகிதத்தோடு எத்தனையோ பேர் பாரிஸ் போனார்கள். எழுதிக் கொடுத்தவன் 2008-ல் ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான வேதாரண்யத்துக்கு வந்து சேர்ந்தேன்.

முதல் திட்டம் 2019 கோடைக்குப் போட்டது. ஓய்வூதியத்திலிருந்து மாதம் கொஞ்சமாக அஞ்சலகத்தில் கட்டி மூன்று லட்சம் சேர்த்திருந்தோம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. எங்கள் கொல்லையில் 62 தென்னை. விடிந்து பார்த்தால் 11 நின்றன. வீட்டு ஓடுகள் பக்கத்துத் தெருவில் கிடந்தன. ஊரே தரைமட்டமாகக் கிடந்தபோது எங்கள் கதையைத் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று லட்சமும் கூரைக்கும், விழுந்த மரங்களை அப்புறப்படுத்தவும், புதுக் கன்றுக்கும் போயிற்று. அடுத்து 2020-க்குத் தேதியை மாற்றினேன். அந்த ஆண்டு என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது மூன்றாவது முறை. கன்றுகள் காய்க்கத் தொடங்கிவிட்டன. கையில் நான்கு லட்சம். அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை, கடன் வாங்குவதில்லை என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

முதலில் என் தங்கை மகன் ஒரு சுற்றுலாக் கம்பெனியின் வண்ணக் காகிதத்தைக் கொண்டுவந்தான். பன்னிரண்டு நாளில் ஏழு நாடு. "எல்லாத்தையும் அவங்களே பாத்துப்பாங்க மாமா. இட்லி கூடக் கிடைக்கும்." கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாட்டுக்கு ஒன்றே முக்கால் நாள்கூட இல்லை. அதிலும் பாதி பேருந்துக்குள். இட்லி இங்கேயே கிடைக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிறகு நானாக ஒரு பட்டியல் போட்டேன். அது இன்னும் மோசம்; ஒன்பது நாடுகள். பள்ளிக்கூடத்து வரைபடத்தில் இருந்ததெல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொன்றாக அடித்தேன். சிக்கனப் பயணத்தில் நான் கற்ற முதல் பாடம் இதுதான்: மலிவான அறையைத் தேடுவதைவிட, ஒரு ஊரைக் குறைப்பதில் அதிகம் மிச்சமாகிறது. ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் ரயில் கட்டணம், பெட்டி தூக்கும் முதுகு, அரை நாள் பொழுது மூன்றும் செலவு.

அடித்து அடித்து மிஞ்சியவை மூன்று நாடுகள். பாரிஸில் நான்கு இரவு, பிரஸ்ஸல்ஸில் இரண்டு, நெதர்லாந்தில் லெய்டன் நகரத்தில் நான்கு, பிரான்சின் ஷமோனி மலைப் பள்ளத்தாக்கில் நான்கு, திரும்பவும் பாரிஸில் மூன்று.

லெய்டன் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோப்பு ஒன்று அங்கே இருக்கிறது. ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் கொடுத்த ஆணை. அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் செப்பேட்டில் ஏறியது. மொத்தம் 21 ஏடுகள். ஐந்து வடமொழி, பதினாறு தமிழ். எடை சுமார் 30 கிலோ. லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தில் வைத்திருக்கிறார்கள். நான்கு எல்லைகள், வரி விவரம், அரசன் வாயால் சொன்னதை ஓலையில் எழுதியவர், சரிபார்த்தவர் என்று எல்லாம் வரிசையாக இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய குமாஸ்தாக்களின் வேலை. ஐஃபெல் கோபுரத்தைக்கூட விட்டுவிடுவேன், அதை விட மனம் வரவில்லை. நினைத்தபோது போய்ப் பார்க்க முடியாதே என்று நூலகத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். பதில் வர வேண்டும்.

ஷமோனி என் மனைவியின் பங்கு. பட்டியலை அவளிடம் காட்டியபோது ஒரே கேள்விதான் கேட்டாள். "ஏங்க, இதுல பனி எங்க இருக்கு?" சினிமாவில் மட்டும் பார்த்த பனியை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டுமாம். சுவிட்சர்லாந்து மலை ரயில் கட்டணத்தைப் பார்த்துவிட்டு நான் மௌனமானேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது, பிரம்படி வாங்கிப் படித்த 4,807 மீட்டர்! மோன் பிளான் மேலே ஆண்டு முழுக்கப் பனி உண்டு. ஷமோனி ஊருக்குள் நின்று நிமிர்ந்து பார்த்தால் தெரியும், அதற்குக் கட்டணம் இல்லை. இப்போதெல்லாம் அந்த மலையை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அளக்கிறார்களாம். உச்சியில் பனி கூடுவதும் குறைவதுமாக இருப்பதால் ஒவ்வொரு முறையும் உயரம் கொஞ்சம் மாறுகிறது. எதற்கு அந்த அடி வாங்கினேன் என்று சிரித்துக்கொண்டேன்.

கணக்கைக் கேட்பவர்களுக்காக, யூரோவை 90 ரூபாய் என்று வைத்து, இருவருக்கும் சேர்த்து நான் போட்டது இது. விமானம் 1,24,000. விசாவும் அதற்கான சேவைக் கட்டணமும் 20,000. மருத்துவக் காப்பீடு 18,000. ரயில் 42,000. தங்குவது 13 இரவுக்கு 88,000. சாப்பாடும் உள்ளூர்ப் பயணமும் நாளுக்கு 35 யூரோ வீதம் 18 நாளுக்கு 57,000. மீதி 51,000 எதிர்பாராத செலவுக்கு. ஆக நான்கு லட்சம்.

இதில் சில விவரங்கள் உங்களில் யாருக்காவது உதவும். ஜூலை, ஆகஸ்ட் அங்கே பள்ளி விடுமுறை, கூட்டமும் விலையும் ஏறும். ஜூன் தொடக்கம் நல்லது. அந்த மாதம் பாரிஸில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் ஒரு நாளை ஒன்றரை நாளாகப் பயன்படுத்தலாம். யூரெயில் பாஸில் 60 வயதுக்கு மேல் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. ஆனால் அதிவேக ரயில்களுக்கு இட ஒதுக்கீட்டுக் கட்டணம் தனி. ஐந்தாறு ரயிலுக்கு மேல் ஏறாத எங்களைப் போன்றவர்களுக்குத் தனித்தனிச் சீட்டை முன்கூட்டியே வாங்குவது குறைவாகவே வருகிறது. அறைகளைப் பணம் கட்டாமல் ரத்து செய்யக்கூடிய விதத்தில் பதிவு செய்யுங்கள். விசா கைக்கு வரும்வரை எதுவும் நிச்சயமில்லை. சாப்பாட்டுக்கு அரிசியும் பொடிகளும் கொண்டுபோகிறோம். பால் பொருள் கூடாது என்பதால் நெய்க்கு இடமில்லை. மோர்மிளகாயை நானாகவே ஒதுக்கிவிட்டேன். சுங்கத்தில் அதை விளக்கும் அளவுக்கு என் பிரெஞ்சு வளரவில்லை.

17 இரவில் 13-க்குத்தான் காசு. முதல் நான்கு இரவு பாரிஸுக்கு வெளியே என் பள்ளித் தோழன் வீட்டில். அங்கேதான் கதை சுற்றிக்கொண்டு என் அப்பாவிடம் வருகிறது.

1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி காரைக்கால் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். 'ஒப்சியோன்' என்று எங்கள் பக்கத்தில் சொல்வோம். தோழனின் அப்பா எழுதிக் கொடுத்தார். தோழன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து 'சொல்தா' ஆனான். விடுமுறைக்கு வரும்போது டிரான்சிஸ்டரும் சென்ட் பாட்டிலுமாக வருவான். என் அப்பா ஒரு மளிகை மண்டியில் கணக்குப்பிள்ளை. அந்தக் காகிதத்தைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தார். வைத்தது வைத்ததுதான், பிப்ரவரி போயிற்று, கெடுவும் போயிற்று.

இருபத்திரண்டு வயதில் ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஏம்பா கையெழுத்துப் போடலை?" பேரேட்டிலிருந்து தலை நிமிராமல், "மறந்துட்டேன்" என்றார். ஒரு பைசா வட்டியை மறக்காத மனிதர். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை யாருக்காவது நகல் எழுதிக் கொடுக்கும்போதும் அந்தக் காகிதம் என் நினைவுக்கு வரும். 1991-ல் அவர் போய்ச் சேர்ந்தார்.

இப்போது விசாவுக்குக் கேட்கும் காகிதங்களை அடுக்குகிறேன். தோழன் தன் ஊர் நகராட்சியில் எங்களை வீட்டில் தங்கவைப்பதற்கான சான்று வாங்கி அனுப்புவதாகச் சொன்னான். "நீ கிளம்பி வாடா, அதை நான் பாத்துக்கறேன்." என் பக்கத்தில் வங்கிக் கணக்கு, போகவர விமானப் பதிவு, 30,000 யூரோவுக்குக் குறையாத காப்பீடு. அதோடு நான் திரும்பி வருவேன் என்று அவர்கள் நம்புவதற்கான அத்தாட்சிகள். ஓய்வூதிய ஆணை, தென்னங்கொல்லைப் பட்டா, வீட்டு வரி ரசீது. பிரெஞ்சில் ஒரு விண்ணப்பக் கடிதமும் எழுதினேன். 'தங்களிடம் கேட்டுக்கொள்ளும் பெருமை எனக்கு உண்டு' என்று பழைய முறைப்படி கை தானாக எழுதிற்று. ஊருக்கெல்லாம் எழுதியவன், எனக்காக எழுதிய முதல் பிரெஞ்சுக் கடிதம்.

கோப்பின் அடியில் என் பிறப்புப் பதிவின் நகலும் இருந்தது. பாஸ்போர்ட் எடுத்தபோது வாங்கிச் செருகியது. அப்போது தேதியை மட்டும்தான் பார்த்தேன். பிரெஞ்சு வழக்கப்படி பிறப்பைப் பதிய வந்தவர் ஏட்டின் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரியின் கோணல் பிரெஞ்சுக்குக் கீழே, குண்டு குண்டாகத் தமிழில் அப்பாவின் கையெழுத்து. பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் வந்து போட்டிருக்கிறார். அவர் போடாத ஒரு கையெழுத்தை அறுபது ஆண்டாக மனதில் வைத்திருந்தேன். போட்ட இந்தக் கையெழுத்தை இப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன்.

ஏன் அன்றைக்குக் கையெழுத்துப் போடவில்லை என்பது எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் திரும்பி வருவதற்கான காரணங்களைக் கேட்கும் இடத்தில் என்னிடம் காகிதம் நிறைய இருக்கிறது. அந்த நகலை விசாவுக்கு யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் கோப்பிலிருந்து எடுக்கவில்லை. கடைசியில் வைத்து நூல் கோத்துவிட்டேன்.

மார்ச்சில் சென்னை போய்க் கைரேகை வைக்க வேண்டும். கொடுத்தால் ஜூன் 3 இரவு விமானம். மறுத்துவிட்டால் கோப்பு அலமாரிக்குப் போகும், அட்டையில் இன்னும் ஒரு வருடம் எழுத இடம் இருக்கிறது. போய் வந்தால் செப்பேட்டைப் பற்றியும் பனியைப் பற்றியும் எழுதுகிறேன். பனியைப் பற்றி எழுதுவதற்கு முன் என் மனைவியிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும்; இப்போதே சொல்லிவிட்டாள்.