கால் பங்கு

யாழ்ப்பாணத்து வீட்டில் நண்டுக்கறி வைத்தால் சதைப்பிடிப்பான உடம்பும் பெரிய கொடுக்கும் அப்பாவுக்கும் அண்ணாவுக்கும் போகும். மெல்லிய கால்கள் அம்மாவுக்கும் எனக்கும். “காலைச் சப்பிறதிலைதான் பிள்ளை ருசி” என்பா அம்மா. ருசிதான், மறுக்கவில்லை. அந்த ருசியை அண்ணாவுக்கு மட்டும் அவ ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை.

ரொறன்ரோக் கடைகளில் ஓட்டைக் கழித்துவிட்டுக் கால்கொத்தைத்தான் விற்கிறார்கள், நல்ல விலைக்கு. நியூஃபவுண்ட்லாந்துப் பனிநண்டு. அங்கே ஆண் நண்டை மட்டுமே பிடிக்கலாம்; பெண் நண்டைக் கடலில் விட்டுவிட வேண்டும். (இதை வாசித்த அன்று தனியே சிரித்தேன்.) அவித்து உறையவைத்தே வருவதால் ஐந்தாறு நிமிடம் ஆவி காட்டினால் போதும். கூட விட்டால் சதை ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். பட்டரை மெல்லிய நெருப்பில் உருக்கி, நசுக்கிய உள்ளி, இடித்த செத்தல் மிளகாய், கறிவேப்பிலை போட்டு, உள்ளி சிவக்க முன்னம் இறக்கித் தேசிக்காய் பிழிவேன். காலைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டினால் சதை முழுசாக வரும்.

அம்மா வந்திருந்தபோது வெட்டி வெட்டி மருமகனின் தட்டில் வைத்தா. “அவரிட்டையும் கத்தரிக்கோல் இருக்கு, நீங்கள் சாப்பிடுங்கோ” என்றேன்.

ஒரு துண்டைப் பட்டரில் தோய்த்து மென்றா. “உறைப்புக் காணாது. எனக்கு இன்னும் கொஞ்சம் போடு.”