சாதுவான நாய்க்கு ஏன் ஆள் வருவதில்லை?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் நாய் வளர்க்க ஆசைப்படுபவர் முதலில் கேட்பது, "லேப் குட்டி கிடைக்குமா?" அடுத்து ராஜபாளையம், சிப்பிப்பாறை. தெருவில் பிறந்தது பட்டியலிலேயே இல்லை.

இத்தனைக்கும் விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ் தொடங்கியதே அப்படிப்பட்ட இரண்டு குட்டிகளால்தான். 1959-ல் சென்னை தி.நகர் வெள்ளத்தில் தத்தளித்தவற்றை விமானி கேப்டன் வி. சுந்தரம் வீட்டுக்குத் தூக்கிவந்தார். 1964-ல் அமைப்பு பதிவானது.

காப்பகங்களில் குட்டிகளுக்குச் சட்டென்று ஆள் வந்துவிடும். வளர்ந்த, சாதுவான நாய்தான் தங்கிப்போகும். காது நுனியில் கருத்தடை அடையாளமாகச் சின்ன வெட்டு. ஆளைக் கண்டால் குரைக்காது. கையை மோந்து பார்த்துவிட்டுக் காலடியில் உட்கார்ந்துகொள்ளும். "காவலுக்கு ஆகாதுங்க" என்று வந்தவர் கிளம்பிவிடுவார். பிள்ளைகள் ஓடியாடும் வீட்டுக்கு வேறென்ன குணம் வேண்டுமாம்?

தெருநாய்களைத் தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம், ஆனால் திரும்பத் தெருவில் விடக்கூடாது என்றது உச்ச நீதிமன்றத்தின் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவு. நியாயமான நிபந்தனைதான். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாத அரியலூர்ச் சாலைகளில் வீட்டுக்குப் பழகிய நாய் எத்தனை நாள் தாங்கும்?

செலவும் பயப்படும்படி இல்லை. காப்பகத்தின் வளர்ந்த நாய் கருத்தடை முடிந்தே வருகிறது. வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.