காற்றுக்குத் திறந்த கதவு

பல்லாவரத்தை அடுத்த எங்கள் பங்கில் புதிய ஆலயம் எழுப்புவது குறித்துப் பங்குப் பேரவை கூடியது. பொறியாளர் விரித்த வரைபடத்தை அனைவரும் ஆவலோடு பார்த்தனர். முகப்பு முழுவதும் நீலக் கண்ணாடி, பக்கங்களில் திறக்க இயலாத சாளரங்கள், மேலே கான்கிரீட் தளம், உள்ளே குளிர்சாதனம். "ஏர்போர்ட் மாதிரி இருக்கும், ஃபாதர்" என்றார் இளைஞர் ஒருவர், மனம் நிறைந்த பெருமையோடு. எல்லாருடைய கண்களும் என்மீது திரும்பின. என்னால் தலையசைக்க இயலவில்லை. ஏன் என்பதைச் சொல்லவும் அன்று துணிவு வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

2004-ஆம் ஆண்டு வேறொரு பங்கில் பணியாற்றினேன். அங்கே ஓடு வேய்ந்த பழைய ஆலயம் ஒன்று இருந்தது. சுண்ணாம்புக் காரையிட்ட தடித்த சுவர்கள், உயர்ந்த கூரை, இருபுறமும் தாழ்வாரம். மழைக்காலத்தில் ஒழுகும், ஆண்டுதோறும் ஓடு மாற்ற வேண்டும். அதை வறுமையின் அடையாளம் என்றே நான் கருதினேன். இளமையின் வேகத்தில் இடித்துத் தள்ளிவிட்டுக் கான்கிரீட் ஆலயம் ஒன்றைக் கட்டி முடித்தேன். அர்ச்சிப்பு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அடுத்த கோடையில், மாலைத் திருப்பலிக்கு முதலில் வந்து முன்வரிசையில் அமரும் மூதாட்டி ஒருவர் வெளியே வேப்பமரத்தடியில் அமர்ந்திருப்பதைக் கண்டேன். "ஏன் பாட்டி, உள்ளே வரவில்லையா?" என்றேன். "உள்ள அனல் அடிக்குது சாமி. பழைய கோயில்ல காத்து வரும்" என்றார். மேலும் இரண்டு மின்விசிறிகளை மாட்டச் சொன்னேன். அவை கூரையடியில் தேங்கிய வெப்பத்தைக் கீழே தள்ளின, அவ்வளவே. அதன்பின் வெயில் நாள்களிலெல்லாம் அவர் ஒலிபெருக்கி வழியாகவே திருப்பலி கண்டார். மூன்றாம் ஆண்டு சித்திரையில் அவரை உள்ளே கொண்டுவந்தோம். அது அவருடைய அடக்கத் திருப்பலி.

அந்தப் பழைய ஆலயத்திற்குத் தெரிந்திருந்தது, இறையியல் படித்த எனக்குத் தெரியவில்லை. சென்னையும் அதன் தென்புறமும் ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் உள்ளன. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுப்பகுதியை ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. ஆகவே இங்கே வெயிலின் பெருஞ்சுமையைத் தாங்குவது கூரை. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெப்பத்தை வாங்கி வைத்து, நாம் மாலைத் திருப்பலிக்குக் கூடும் வேளையில் அதைக் கீழே விடுகிறது. ஓட்டுக் கூரையோ இடுக்குகள் வழியே சூடான காற்றை மேலே போகவிடும். கதிரவன் சாய்ந்ததும் விரைவில் ஆறிவிடும். மேலும் இது கடலோரத்தின் ஈரப்பதம் மிகுந்த வெப்பம். நிழல் மட்டும் போதாது. வியர்வையை உலர்த்தக் காற்று உடலைத் தொட்டுச் செல்ல வேண்டும். பீடத்தைக் கிழக்கே வைத்துக் கட்டும் மரபால் ஆலயத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கி அமைகின்றன. கடற்காற்று அவ்வழியே நுழைகிறது. மேற்கு வெயிலைக் குறுகிய முகப்பு மட்டுமே ஏற்கிறது. வழிபாட்டு மரபும் தட்பவெப்பமும் இங்கே கைகோத்து நிற்கின்றன. அந்த முகப்புக்குத்தான் நாங்கள் கண்ணாடி கேட்கிறோம்!

பழமையைப் போற்றுவோர் பழையதை அப்படியே திரும்பக் கட்டச் சொல்வார்கள். அதுவும் இயலாது. தேக்கு உத்தரங்கள்மேல் சிறு செங்கற்களைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய 'மெட்ராஸ் டெரஸ்' தளத்திற்கு இன்று மரம் எங்கே? கைதேர்ந்த கொத்தனார் எங்கே? பழையதன் அறிவை இன்றைய கட்டடத்திற்குள் கொண்டுவர இயலுமா என்பதே கேள்வி.

இயலும் என்பதை நான் திருவனந்தபுரத்தில் கண்டேன். ஸ்ரீகாரியத்தில் இயேசு சபையினரின் லொயோலா வளாகத்திலுள்ள சிற்றாலயத்தை 1970-களின் தொடக்கத்தில் கட்டியவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த அவர் குவேக்கர் சபையைச் சார்ந்தவர். இந்தியாவைத் தம் நாடாக்கிக்கொண்டு 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து தம் தொழிலையே மாற்றியதாக அவர் கூறுவதுண்டு. அச்சிற்றாலயத்தின் உயர்ந்த இரட்டைச் சுவர்கள் பூச்சற்ற செங்கல்லால் ஆனவை. தரை முதல் கூரை வரை செங்கல்லை விட்டு விட்டு அடுக்கிய சல்லடைத் துளைகள். அவற்றின் வழியே ஒளியும் காற்றும் வருகின்றன. சுட்டெரிக்கும் வெயில் வருவதில்லை. செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டு முறையையும் பேக்கர் பரப்பினார். அதில் ஏறத்தாழக் கால்பங்குச் செங்கல் மிச்சமாகும். உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். கான்கிரீட் தளத்தில்கூட, அதிகம் பயன்படாத அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைக் குறைத்தார். அவர் ஆலயம் பழையதன்று. ஆனால் அந்த மண்ணுக்கு அந்நியமும் அன்று.

அங்கே அமர்ந்திருந்தபோது விடுதலைப் பயண நூல் நினைவுக்கு வந்தது. பாலைநிலத்தில் இறைவன் கேட்ட சந்திப்புக் கூடாரம் எதனால் ஆனது? பாலையில் வளரும் சித்திம் மரம். அது நம்மூர் வேலமரத்தின் உறவினம். மேலே பெண்கள் நூற்ற வெள்ளாட்டு உரோமம். மக்கள் தம்மிடம் இருந்ததை மனமுவந்து கொண்டுவந்தார்கள். பின்னாளில் சாலமோன் லெபனோனிலிருந்து கேதுரு மரங்களைத் தருவித்தார். முப்பதாயிரம் பேரைக் கட்டாய வேலைக்கு அனுப்பினார். அக்கோவிலையும் இறைமாட்சி நிரப்பியது, மறுக்கவில்லை. ஆனால் அவர் மறைந்ததும் சுமை தாளவில்லை என்று மக்கள் முறையிட்டதையும் அரசு இரண்டாக உடைந்ததையும் அதே விவிலியம்தான் சொல்கிறது. வாக்கு மனிதராகி நம்மிடையே குடிகொண்டார் என யோவான் கூறுமிடத்தில், கிரேக்கச் சொல்லின் பொருள் கூடாரம் அடித்தல். நம் வெயிலும் வியர்வையும் படும் உடலையே அவர் எடுத்துக்கொண்டார். எந்தக் கலைப்பாணியையும் திருஅவை தனக்கே உரியதென்று கொள்ளவில்லை என 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்ததற்கும் இதுவே வேர் என்று எண்ணுகிறேன்.

உள்ளூர்ப் பொருள் என்றதும் எங்கள் மக்கள் குன்றைச் சுட்டுவார்கள். பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் கருநிறக் கல் உலகறிந்தது. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையை மூடியிருக்கும் கல் சென்னைப் பகுதியிலிருந்து சென்றதே. அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அவ்வினக் கல்லுக்கு 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். இந்தக் குன்றுகளில் கல்லுடைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்கள் பங்கில் இருக்கிறார்கள். அந்தப் புழுதியில் நுரையீரல் கெட்டு மாண்ட தந்தையின் மகன் ஒருவர் என்னிடம் கேட்டார்: "கல்லும் செங்கல்லும் எங்களுக்கு, கண்ணாடி பணக்காரங்களுக்கா ஃபாதர்?"

அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. எளிமையை ஏழைக்குப் போதிப்பது எளிது. அவர் கேட்டது ஆடம்பரம் அன்று, மதிப்பு. நான் அவருக்குச் சொன்னது இதுதான்: குளிரூட்டிய ஆலயத்தின் கதவைச் சாத்தித்தான் வைக்க வேண்டும். மின்கட்டணத்திற்கு அஞ்சித் திருப்பலி முடிந்ததும் பூட்டிவிடுவோம். இன்று நண்பகலில் நம் ஆலயத்துக்குள் வந்து தூணில் சாய்ந்து இளைப்பாறும் சித்தாள் பெண்கள் எங்கே போவார்கள்? குளிர்சாதனம் உள்ளே தள்ளாத வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. வெளியே நிற்பவர் யார்? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவ்தாத்தோ சி' சுற்றுமடலிலும் பெருகிவரும் குளிர்சாதனப் பயன்பாட்டைச் சுட்டிக்காட்டினார்.

எதிர்வாதங்களும் உண்மையானவையே. எங்கள் தலைக்குமேல் விமானங்கள் பறக்கின்றன, ஜி.எஸ்.டி. சாலை இரைகிறது, கொசு உண்டு. பேக்கரின் சல்லடைச் சுவரைப் பெயர்த்து இங்கே வைத்தால் மறையுரை கேட்காது. சாலைப் பக்கம் மூடிய சுவர், மறுபக்கம் திறப்பு, சுற்றிலும் மரங்கள் என எங்களுக்குரிய விடையை நாங்களேதான் தேட வேண்டும்.

அடுத்த பேரவைக் கூட்டத்தை, கான்கிரீட் தளமிட்ட பங்கு மண்டபத்தில், மே மாத மாலை ஐந்து மணிக்கு வைத்தேன். மின்விசிறிகளைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கால்மணி நேரத்தில், ஏர்போர்ட்டைப் புகழ்ந்த இளைஞரே முதலில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பழைய ஆலயத்தின் தாழ்வாரத்திற்குப் போனார். மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். அங்கேதான் 2004-ஆம் ஆண்டின் கதையை அவர்களிடம் சொன்னேன்.

புதிய வரைபடம் இன்னும் முடியவில்லை. கண்ணாடி முகப்பைக் கைவிடச் சிலருக்கு மனமில்லை. கல்லுடைத்தவரின் மகனும் இன்னும் முழுமையாக இசையவில்லை. தென்புறம் அகன்ற தாழ்வாரமும், முதியோர் அமர அதில் ஒரு திண்ணையும் வேண்டும் என்பது மட்டும் ஒருமனதாக முடிவாகியுள்ளது.