குண்டலினியும் ஒரு கோயமுத்தூர் பி.காமும்

எனக்கு ஆன்மிகத்தில் நம்பிக்கை கிடையாது. பிளட் பிரஷரில் உண்டு. 150/100 என்று டாக்டர் எழுதித் தந்த சீட்டு சட்டைப் பையிலேயே இருந்தது.

வீட்டிலோ மூன்று நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. சட்னியில் உப்பில்லை என்று தட்டை நகர்த்தினேன், கீழே விழுந்துவிட்டது. (நகர்த்தினேன் என்பது என் வாக்குமூலம். எறிந்தேன் என்பது மனைவியின் வாக்குமூலம்.)

கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் நண்பன்தான் சொன்னான். "ஏப்பா, மோட்டார்ல காயில் எரிஞ்சா நான் கட்டித் தருவேன். உனக்கு எரிஞ்சா யாரு கட்டறது? பேசாம ஆழியாறு போ."

போனேன். உக்கடத்தில் பஸ் ஏறி பொள்ளாச்சி, அங்கிருந்து வால்பாறை பஸ். வழியெல்லாம் தென்னை. மலை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால், அணைக்குப் பக்கத்தில் இறங்கினால் அறிவுத் திருக்கோயில். 1984-ல் வேதாத்திரி மகரிஷி தொடங்கியது. மனிதர் 1911-ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறி, குடும்பம், கஷ்டம் எல்லாம் பார்த்தவர். 2006-ல் மறைந்தார். தம் மனைவி லோகாம்பாள் பிறந்த ஆகஸ்ட் 30-ஐ 'மனைவி நல வேட்பு நாள்' ஆக்கியிருக்கிறார். நானோ கல்யாண நாளையே மறப்பவன். உள்ளே போகும்போதே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

மகராசனம் என்றதும் மகாராஜா மாதிரி சாய்ந்து உட்காருவது என்று நினைத்தேன். மகரம் என்றால் முதலையாம் சார்! தரையில் படுத்துக் காலை ஒரு பக்கமும் கழுத்தை மறுபக்கமும் திருப்பியபோது, கேட்ட சத்தம் என் இடுப்பிலிருந்து வந்தது.

அடுத்து ஆக்கினை தவம். புருவ மத்தியில் மனதை நிறுத்தணும். முதலில் எல்.ஐ.சி. பிரீமியம் வந்தது. அப்புறம் காஸ் சிலிண்டர். அப்புறம்... பக்கத்திலிருந்த பெரியவர் தோளைத் தட்டினார். "தம்பி, தவம் முடிஞ்சு போச்சுங்க. குறட்டைய நிறுத்தலாமுங்க."

இதுவரை சிரிப்புதான். மறுநாள் 'சினம் தவிர்த்தல்' வகுப்பில்தான் மாட்டிக்கொண்டேன். யார் யார் மேல் கோபம் வருகிறதோ, பட்டியல் எழுதச் சொன்னார்கள். பற்று வரவு எழுதிப் பழகிய கை, சரசரவென்று எழுதிவிட்டது. மனைவி. மகள். அம்மா. மறுபடி மனைவி.

எங்கே மானேஜர்? பத்து வருஷமாக என் ரத்தத்தை உறிஞ்சுகிறாரே, அவர் பெயரே இல்லை! டவுன் பஸ்ஸில் தினமும் காலை மிதிக்கிறவன் இல்லை. வாங்கின கடனைத் தராத சகலை இல்லை. அவர்களிடமெல்லாம் "பரவாயில்லீங்க" என்று சிரித்துவிட்டு வருகிறேன். அந்தப் பாக்கியை எல்லாம் யார் கணக்கில் எழுதி வந்திருக்கிறேன் என்று பேப்பரே சொன்னது. டாலி ஆகிவிட்டது. ஆனால் சந்தோஷமாக இல்லை.

குண்டலினி எழும்பியதா என்று கேட்காதீர்கள். நான்தான் எழுந்து வெளியே போய் வீட்டுக்குப் போன் போட்டேன். மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. வாயில் வந்ததென்னவோ, அங்கே எல்லோரும் சொல்கிற "வாழ்க வளமுடன்".

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "ஏனுங்க, பிரஷர் மாத்திரை போட்டீங்களா இல்லையா?"